பத்தாவது கல்

ஜனவரி 9

கல் பதிக்கும் கைகளுக்கெல்லாம் பட்டத்தரசியும் வருங்கால மணமகளுமான எங்கள் சில்லுவுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். அத்தை நலத்துக்கும் மேலே ஒரு படி. இன்று காலை அவள் என்னைத் திட்டியது அடுத்த தெருவரை கேட்டது. என் வலது முழங்கால் மட்டும் கடையின் மூன்றாவது மாடிக்கு என்னோடு வர மறுக்கிறது. உன் கட்டைவிரலில் சுட்டுக்கொண்ட புண் ஆறியதா? இத்தனை பெரிய நகைப் பட்டறையில் ஒரு களிம்பு கூடவா கிடைக்கவில்லை?

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் என்னைத் தடுக்க ஆள் இல்லை.

ஜூனில் கல்யாணம் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷத்தில் நான் போட்ட கூச்சலுக்குக் கீழ்மாடி மூக்குக்கண்ணாடிக் கடையில் பாதிச் சரக்கு விரிசல் விட்டதாகக் கேள்வி. ஆனால் அக்கா அத்தோடு நிறுத்தினாளா? "என் கொழுந்தனும் அவளுக்கு ஒரு கல்லு வாங்கிட்டு வந்திருக்கார்டா. சிவப்புக் கல்லு. மோதிரத்துக்காம்" என்றாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன் சித்தப்பாவா? லிஃப்ட் மாட்டுகிறவர்! மனிதர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்குகிற தொழிலில் இருப்பவருக்குக் கல்லோடு என்ன சகவாசம்? உலகத்திலேயே மிகச் சிறந்த பட்டை தீட்டுபவன் (இதை நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்) உன் தாய்மாமனாக உயிரோடு இருக்கும்போதா?

உன் மோதிரத்தில் உட்காரப்போவது என் கல். இது ஆணை.

எந்தக் கல்? நவரத்தினம் என்று ஒன்பதை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டார்களே, அந்த ஒன்பதில் ஒன்று அல்ல. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் யார் தெரியுமா? வெளிச்சத்தை ஏழு நிறமாகச் சிதறடிப்பதில் வைரத்தையே தோற்கடிக்கும் ஸ்பீன். சூடுபட்டால் மேஜைத் தூசியையெல்லாம் தன் பக்கம் இழுக்கும் டூர்மலின். இப்படிப் பார்த்தால் நீலம், திருப்பிப் பார்த்தால் வைக்கோல் நிறம் என்று இரட்டை வேடம் போடும் அயோலைட். இவர்களுக்கெல்லாம் தலைவன் ஸ்பினல். உன் அப்பா வீடு கட்டிய விருந்தன்று ஸ்பினலைப் பற்றி நான் ஆற்றிய உரை நினைவிருக்கிறதா? ஒவ்வொருவராக நழுவிப் போனார்கள். கடைசிவரை எதிரில் இருந்தவர் உன் சித்தப்பா ஒருவர்தான். அவரும் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அவமானம் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இத்துடன் வருவது குன்சைட். இளஞ்சிவப்பு பாதி, ஊதா பாதி. என் இரும்புப் பெட்டியிலேயே பெரிய கல் இதுதான். இதை நீ விரலில் போட்டு நடந்தால் சித்தப்பாவின் கல் எந்தக் கல் என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது.

இப்படிக்கு,
கதவுக்கு வெளியே நிற்கும் கற்களின் ஏகச் சக்கரவர்த்தி,
உன் மாமா

&nbsp;

ஜனவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். விரல் ஆறிவிட்டது. உங்கள் முழங்காலுக்கு வைத்தியரைப் பார்த்தீர்களா, அல்லது அவரையும் திட்டிவிட்டு வந்தீர்களா?

குன்சைட் பத்திரமாக வந்தது. அப்படி ஓர் அழகு. நீளவாக்கில் பார்த்தால் நிறம் இன்னும் ஆழமாகத் தெரிகிறது. பட்டறையில் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

சித்தப்பா கொடுத்தது சிவப்புக் கல்தான். நல்ல நிறம். ஆனால் வெட்டியவர் அடிப்பக்கத்தைத் தட்டையாக விட்டுவிட்டார். மேலிருந்து பார்த்தால் நடுவில் ஜன்னல் மாதிரி வெளிறி, கீழே இருக்கும் விரல் தெரிகிறது. நீங்கள் ஒரு தடவை இங்கே வந்து பார்த்தால் தேவலை.

மோதிரத்தைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன்.

அத்தைக்கு என் அன்பு.

சில்லு

&nbsp;

பிப்ரவரி 4

யோசிக்கிறவளுக்கு,

நலம். நலம். எல்லாம் நலம். ஆனால் யோசிக்கிறாயா? யோசிக்க என்ன இருக்கிறது? உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (இரண்டாம் முறை போட்டுக்கொண்டது இறங்கவில்லை.)

அந்த மாணிக்கத்தைப் பார்க்க நான் வர வேண்டுமா? அது இருக்கும் ஊர் வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏற மாட்டேன். மாணிக்கமாம், மாணிக்கம்! பேரைக் கேட்டதும் எல்லோரும் எழுந்து நிற்கிற கல்லை வாங்க அறிவு எதற்கு? பை கனமாக இருந்தால் போதாதா?

அத்தை பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அவ எங்கங்க மாணிக்கம்னு எழுதியிருக்கா? சிவப்புக் கல்லுன்னுதானே இருக்கு?"

"சிவப்பா இருக்கு. வாங்கினவர் வசதியானவர். அப்புறம் அது மாணிக்கம் இல்லாம மாதுளம் முத்தா?"

"உங்க வயித்தெரிச்சல வெச்சு ஒரு கல்யாண வீட்டுக்கே சமைக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் பொறாமைப்படுகிறேனாம். நான்! உன் சித்தப்பா மேல்! அவரிடம் என்ன இருக்கிறது? வீட்டு வாசலில் இரண்டு கார். பல் தெரியச் சிரித்தால் போட்டோவில் நன்றாக விழுகிற முகம். நீ பள்ளியில் பரிசு வாங்கிய அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார், நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். இதெல்லாம் என் நினைவிலேயே இல்லை. போன வாரம் அக்கா மூலமாகச் சொல்லி அனுப்புகிறார்: "மச்சான் கடைக்கு நானே ஒரு லிஃப்ட் போட்டுத் தரேன். அவர் கால் பாவம்." என் கால் பாவமாம்! என் கால் இமயமலை ஏறும். இன்று கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு காரியம் செய். உன் பட்டறையில் விரல் நீளக் குழாய் ஒன்று இருக்குமே, கண்ணருகே வைத்துக் கல்லைப் பார்த்தால் இரண்டு சதுரம் தெரியுமே, அதில் அந்தக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார். மாணிக்கம் என்றால் ஒரு சதுரம் ஒரு சிவப்பு, பக்கத்துச் சதுரம் வேறு சிவப்பு. இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் சொல், நான் ஊருக்கே விருந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
பொறாமை என்றால் என்னவென்றே அறியாத
மாமா

&nbsp;

மார்ச் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நலமே. பதில் தாமதம், மன்னியுங்கள். கல்யாணப் பருவம், பட்டறையில் வேலை நெரிக்கிறது.

குழாயில் பார்த்தேன். இரண்டு சதுரமும் ஒரே நிறம்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும்.

இதை வைத்து நீங்களாக எதுவும் முடிவு கட்டாதீர்கள். யாரிடமும் சொல்லவும் வேண்டாம். மறுபடியும் கேட்கிறேன், ஒரு தடவை வந்து பாருங்கள்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

சில்லு

&nbsp;

மார்ச் 6

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

சில்லுவின் தாய்மாமன் எழுதுவது. தாங்களும் தங்கள் கார்களும் நலமென நம்புகிறேன். இங்கே என் உடல்நிலை திடீரென்று மிகவும் சீராகியிருக்கிறது. இன்று மூன்று மாடியும் ஓடி ஏறினேன்.

தங்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவிக்கவே இக்கடிதம். நம் பெண்ணின் மோதிரத்துக்காகத் தாங்கள் ஆசையோடு வாங்கிய கல் சோதனையில் தேறவில்லை. மாணிக்கத்துக்கு வேண்டிய இரட்டை நிறம் அதில் இல்லை. அத்தோடு நடுவில் ஜன்னல் வேறு. ஆகவே அது கண்ணாடி என்பது என் தாழ்மையான, ஆனால் அசைக்க முடியாத கருத்து. வருந்த வேண்டாம். லிஃப்டின் உட்புறத்தில் ஒட்ட உதவும். உள்ளே ஏறுகிறவர்கள் தலைவாரிக்கொள்ளலாம்.

நல்ல காலமாக என்னிடமிருந்து ஒரு பெரிய கல் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. குடும்ப மானம் தப்பியது.

இதைக் குடும்பத்தில் வேறு யாருக்கும் நான் சொல்லவில்லை. அக்காவுக்கும், அத்தானுக்கும், சில்லுவின் மூன்று சித்திகளுக்கும் மட்டும் சொன்னேன்.

பணிவன்புடன்,
தங்கள் மச்சான்

&nbsp;

மார்ச் 29

மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நலம். வீட்டில் அக்கா நலமா? உங்கள் கால் தேறியது கேட்டு உண்மையிலேயே மகிழ்ச்சி.

கடிதம் கிடைத்தது. எனக்குக் கல்லைப் பற்றித் தெரியாது. நீங்கள் கண்ணாடி என்றால் அது கண்ணாடியாகத்தான் இருக்கும். மோதிரத்தில் வைக்க வேண்டாம் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டேன். கல்லை உங்களுக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டு என்ன செய்யத் தோன்றுகிறதோ செய்யுங்கள்.

லிஃப்ட் விஷயம் அப்படியே இருக்கிறது. உங்கள் விருப்பம்.

அன்புடன்,
மச்சான்

&nbsp;

ஏப்ரல் 8

மாமா,

நான் நலமாக இல்லை. கோபமாக இருக்கிறேன். அதனால் அத்தை நலமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

என் கடிதங்களை எடுத்து மறுபடி படியுங்கள். மாணிக்கம் என்ற சொல் எங்காவது இருக்கிறதா? நான் எழுதவே இல்லை. சித்தப்பாவும் சொல்லவே இல்லை. கல்லை என் கையில் கொடுத்த அன்றே, "இது ஸ்பினல்மா. உங்க மாமா சொல்வாரே, அந்தக் கல்லு" என்றுதான் சொன்னார்.

குழாயில் ஒரே நிறம் காட்டுவது கண்ணாடி மட்டும்தானா? ஸ்பினலும்தானே? யாருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே அதன் சக்கரவர்த்தி?

இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சித்தப்பா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். "நான் சொல்லி உங்க மாமா நம்ப வேணாம். அவரே கண்ணால பார்த்து, 'பரவால்லயே, லிஃப்ட்காரனுக்கும் கண்ணு இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அது போதும்" என்றார். அதற்காகத்தான் வாருங்கள், வாருங்கள் என்று எழுதினேன். வேலையாக வெளியூர் போனபோது கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். சிவப்புக் கல் என்றதும் எல்லோரும் மாணிக்கத்தைத்தான் எடுத்து நீட்டினார்களாம். "இல்லங்க, ஸ்பினல்தான் வேணும், எங்க மச்சான் அதத்தான் உசத்தின்னு சொல்லியிருக்கார்" என்று அடம்பிடித்து வாங்கியிருக்கிறார். அப்பா வீட்டு விருந்தில் அவர் தூங்கவில்லை, மாமா. சத்தமான இடத்தில் கண்ணை மூடினால்தான் அவருக்குக் காதில் ஏறுமாம். நீங்கள் பேசியதை அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னார். உள்ளே மணிமணியாகக் கோத்த மாதிரி எண்முகத் துணுக்குகள் இருந்தால் நல்லது என்பதுவரை.

இன்னொன்றும் சொன்னார். "லீவு விட்டா போதும், நீ மச்சான் கடைக்குத்தான் ஓடுவே. அந்தக் கல்லுகளக் கொட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பே. ஒரு நாளாவது என்கிட்ட வந்திருந்தா நாள் பூரா லிஃப்ட்ல மேலயும் கீழயும் கூட்டிட்டுப் போயிருப்பேன்." சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு போட்டோவில் நன்றாக விழுகிற சிரிப்பு இல்லை.

உங்கள் குன்சைட்டைப் பற்றியும் இத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன். நாள் முழுக்கச் சுத்தியல் பிடிக்கிற கை என்னுடையது. ஒரு தட்டு கோணலாக விழுந்தால் பிளந்துகொள்ளும் கல்லையா என் விரலுக்கு அனுப்புவீர்கள்? வெயிலில் வைத்தால் நிறம் போய்விடும் என்று கருப்புத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள். பெட்டியிலேயே பெரியது எது என்று மட்டும் பார்த்தீர்கள். என் கையைப் பார்க்கவில்லை.

சித்தப்பாவின் கல் இத்துடன் வருகிறது. கண்ணாடி என்றால் உடைத்துப் போடுங்கள்.

சில்லு

&nbsp;

மே 3

அன்புள்ள சில்லுக் குட்டிக்கு,

அத்தை எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லை. உன் மாமா பதில் போட மாட்டார் என்று தெரிந்து நானே எழுதுகிறேன்.

பார்சல் வந்த அன்று பிரிக்கவே இல்லை. மேஜைமேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மறுநாள் பிரித்தார். லென்ஸில் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு ஊதா வெளிச்ச டார்ச்சை அடித்தார். அடுப்புத் தணல் மாதிரி சிவப்பாக எரிந்தது கல். "ஐயோ" என்றார். என்னங்க என்று ஓடினேன். "நல்லாருக்குடி" என்றார். யாரோ செத்துப்போன சேதி சொல்கிற மாதிரி சொன்னார்.

அன்றிலிருந்து இதே வேலை. காலையில் ஜன்னலோரம் வைத்துப் பார்க்கிறார், சாயங்காலம் விளக்கடியில் வைத்துப் பார்க்கிறார். "முப்பது வருஷமா தேடறேன், எனக்கு இப்படி ஒண்ணு மாட்டல. அந்த ஆளு கண்ண மூடிட்டுப் போயி வாங்கிட்டு வந்திருக்காரு" என்று சுவரிடம் முறையிடுகிறார். இந்த மனிதர் ஒரு நாளாவது என் முகத்தை இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாரா? இப்போது எனக்கு அந்தக் கல் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

நேற்று பட்டை தீட்டும் தட்டைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார். என்ன செய்யப் போகிறார் என்று கேட்டதற்கு, தட்டை இன்னொரு முறை துடைத்தார். எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தை

&nbsp;

மே 21

சில்லுவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. ஆனாலும் விசாரிக்கிறேன். விரல் எப்படி இருக்கிறது? மோதிர விரலைக் கேட்கிறேன்.

கல் திரும்பி வருகிறது. எடை குறைந்திருக்கும், பயப்படாதே. அந்த ஜன்னலை அடைக்க வேறு வழி இல்லை. அடிப்பக்கத்தைச் சரியான சாய்வுக்குக் கொண்டுவந்தால் அகலம் கொஞ்சம் போகத்தான் செய்யும். இப்போது மேலிருந்து பார். உள்ளே போன வெளிச்சம் ஒரு சொட்டுக்கூடக் கீழே ஒழுகாமல் உன் முகத்துக்கே திரும்பி வரும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தட்டு சுற்றத் தொடங்கியதும் முதல் நினைப்பு நல்லதாக வரவில்லை. 'கொஞ்சம் அழுத்திப் பிடி, தொலைந்தது போட்டி. கை தவறிவிட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?' என்று வயிற்றுக்குள் இருந்து ஒரு குரல். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், இந்த வருஷம் முழுக்க என் கடிதங்களை எழுதியது அதுதான். அழுத்தவில்லை. ஏன் என்று கேட்டால், அடடா, அந்தச் சிவப்பு! ஒரு முகம் முடிந்து அடுத்த முகம் திறக்கும்போது சூரியனைப் பக்கத்து வீட்டில் குடிவைத்த மாதிரி இருந்தது. என் வாழ்நாளில் நான் வெட்டியதிலேயே சிறந்த கல் இதுதான். அது என்னுடையது இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. எரியட்டும்.

மோதிரத்தில் இதையே வை. நீ சுத்தியலால் உலகத்தையே தட்டினாலும் தாங்கும். குன்சைட்டை உன் இஷ்டப்படி செய். தூக்கிப் போட்டாலும் கேட்க மாட்டேன். (கேட்பேன்.)

சித்தப்பாவுக்கும் எழுதிவிட்டேன். அவர் ஆசைப்பட்ட அந்த ஒரு வார்த்தையை எழுதினேன். அந்த ஒரு வார்த்தை நாலு பக்கமாக நீண்டுவிட்டது. மாடிப்படி அகலத்தை அளக்க ஆள் அனுப்பலாம் என்றும் எழுதினேன். அளக்க மட்டும்.

இப்படிக்கு,
பட்டங்கள் எல்லாம் பறிபோன
மாமா

&nbsp;

ஜூன் 30

புது மணப்பெண்ணுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமா? இங்கே அத்தை நலம். என் முழங்காலும் நலம். கடையில் லிஃப்டுக்கு இடம் அளக்க நேரில் வந்தவர் உன் சித்தப்பாவே. இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதில் வந்த மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்க முடியாது.

கல்யாணத்தன்று நீ கவனித்திருக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். சாயங்கால விருந்தில் உன் கழுத்தில் என் குன்சைட்டைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்துக்கென்றே பிறந்த கல் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. சித்தப்பாவும் பார்த்தார். "மச்சான், உங்களோடது ரொம்பப் பெருசு" என்றார். அவர் குரலில் லேசாக ஓர் எரிச்சல். எனக்கு அப்படியே குளிர்ந்துவிட்டது.

அப்போதுதான் உன் மாப்பிள்ளை உன் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, தன் நண்பர்களிடம், "எவ்ளோ அருமையான மாணிக்கம் பாருங்க" என்றார்.

"ஸ்பினல்!"

நாங்கள் இருவரும் ஒரே மூச்சில் போட்ட சத்தத்தில் பரிமாறுகிறவர் கையிலிருந்த தட்டு நழுவிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் உன் சித்தப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு மாப்பிள்ளையை உட்காரவைத்துவிட்டார். பிறகு ஆரம்பித்தார் பார்! மாணிக்கத்தோடு ஒரே மண்ணில் பிறந்ததிலிருந்து தொடங்கி, குழாய், சதுரம், ஊதா டார்ச், எண்முகத் துணுக்கு என்று ஒன்று விடவில்லை. அத்தனையும் என் உரை! என் உவமைகள்! அவர் சொல்லும்போது ஆட்கள் எழுந்து போகவில்லை, நின்று கேட்டார்கள். வயிறு எப்படி எரிந்தது என்கிறாய்!

நடுவில் மாப்பிள்ளையைப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். எனக்கு உயிர் வந்தது. சித்தப்பாவின் காதோரம் குனிந்து சொன்னேன்:

"நிறுத்துங்க மச்சான். மாப்பிள தூங்கிட்டாரு."

அவர் பேச்சை நிறுத்தாமலே என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"இல்ல மச்சான். கேக்கறாரு."

இப்படிக்கு,
உன் தாய்மாமன்